முடிவு செய்யாத மார்லிஸ்

என் பெயர் டெல்மார் வோஸ்பெர்க். ஐயோவாவில் ஹேசல் க்ரீக் என்ற ஊரில் சோளம் போடுகிறேன், பன்றி வளர்க்கிறேன். எங்கள் கட்சி அதிபர் வேட்பாளரைத் தேடக் கிளம்பும்போதெல்லாம் நாட்டிலேயே முதலில் கூடிப் பேசுவது நாங்கள்தான். அதனால் நாலு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊரில் பன்றிகளைவிட நிருபர்கள் அதிகமாகிவிடுவார்கள்.

எங்களுக்கு வாக்குச்சீட்டெல்லாம் கிடையாது. ஜனவரிக் குளிரில் சாயங்காலம் பள்ளிக்கூட ஜிம்மில் கூடுவோம். செனட்டர் லூமிஸ் வேண்டும் என்பவன் லூமிஸ் மூலையில் போய் நிற்பான், வேறு ஆள் வேண்டும் என்பவன் வேறு மூலையில். ஊரே பார்க்கும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலையைக் கலைத்துவிடுவார்கள். அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நான் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. கால் முறிந்த வருடம்கூட கட்டோடு போய் நின்றேன்.

இப்படிப்பட்ட என்னை ஒரு கருத்துக்கணிப்புக்காரனும் இதுவரை கூப்பிட்டதில்லை. 'ஐயோவா மக்கள் நினைப்பது இதுதான்' என்று பத்திரிகையில் பெரிதாகப் போடுவார்கள். நானும் ஐயோவாக்காரன்தான். நான் நினைப்பதை எவன் கேட்டான்? எதிர்வீட்டு டுவேன் ஹாஃப்ஸ்ட்ராவை இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். விதை வியாபாரம் செய்கிறவன். வாழ்நாளில் ஒரு கூட்டத்துக்கும் போகாதவன். என் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன ஜூன் மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் மணி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"மக்கள் மனக் கணிப்பு நிலையத்துலேர்ந்து பேசறோம் சார்," என்றது ஒரு பெண் குரல். "வீட்டுல பதினெட்டு வயசு தாண்டினவங்க எத்தனை பேரு?"

"ரெண்டு பேரும்மா. நானும் என் மனைவியும். எழுதிக்கோ. லூமிஸ். எல், ஓ, ஓ..."

"ஒரு நிமிஷம் சார். உங்க ரெண்டு பேர்ல கடைசியா யாருக்குப் பொறந்தநாள் வந்துச்சு?"

மார்லிஸுக்கு வந்திருந்தது. போன வாரம்தான். எனக்குச் செப்டம்பர்.

"அப்ப அவங்ககிட்ட கொடுங்க."

"அவளுக்கு அரசியல்ல எல்லாம் அவ்வளவா... நானே சொல்றேனே. அவ பொறந்தநாள் கேக்கைக்கூட பாதிக்கு மேல நான்தான் சாப்பிட்டேன்."

"விதி சார். பொறந்தநாள் யாருக்கோ அவங்கதான் பேசணும். அப்பதான் பாரபட்சம் இருக்காது."

மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், அப்புறம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னும் முடிவு பண்ணலை," என்றாள். எங்கள் வாசலில் லூமிஸ் பலகை நடப்பட்டிருக்கிறது. எங்கள் வட்டத்துக்கு லூமிஸின் ஆள் நான். அப்படிப்பட்ட வீட்டின் சமையலறையில் நின்றுகொண்டு முடிவு பண்ணலையாம். அதன்பிறகு அரைமணி நேரம் பேசினாள். அவ்வளவு பேச்சு அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"என்னென்னவோ கேட்டாங்க."

"லூமிஸ்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டது என்னை, டெல்மார்," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அந்த நிலையத்தின் இயக்குநர், டாக்டர் எவரெட் பிரிண்டில் என்பவர், தொலைக்காட்சியில் வந்தார். வண்ணத்துப்பூச்சி போல் கட்டிய கழுத்துப்பட்டை, பின்னால் வண்ண வண்ண வரைபடம். கிராமத்துப் பெண்களின் மனநிலையைத் தன் நிலையம் ஆழமாக அறிந்துவிட்டது என்றார். எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டதற்கு ஒளிக்காமல் சொன்னார்.

"இந்தப் பகுதியில ஐம்பது வயசு தாண்டின பெண்கள் யாருமே போன் எடுக்கறதில்லை. எடுத்தாலும் வெச்சுடறாங்க. கடைசி வரைக்கும் பேசினது ஒரே ஒருத்தங்க. அதனால அவங்களைப் பதினோராயிரத்தால பெருக்கிட்டோம். இது அறிவியல்."

பதினோராயிரம் மார்லிஸ். பதினோராயிரம் பேரும் முடிவு செய்யாதவர்கள். நான் என் பன்றிக் கொட்டகையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் அவர்கள் கணக்கில் ஒன்றாகக்கூட இல்லை.

பொறாமைதான், வேறென்ன. மறைக்க என்ன இருக்கிறது?

பேரைச் சொல்லாமல்தான் பேசினார் பிரிண்டில். ஆனால் இந்த ஊரில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது? ஜூலையில் ஆளுநர் கலோவே எங்கள் வீட்டுக்கு வந்தார். கருத்துக்கணிப்பில் முன்னால் இருந்தவர் அவர்தான். ஆறடி உயரம், பல் விளம்பரத்துக்கு வந்தவர் போன்ற சிரிப்பு. ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நுழைந்து, மார்லிஸின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மார்லிஸ், உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

நான் முப்பத்தி நாலு வருடமாக அவளோடு குடும்பம் நடத்துகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. இந்த ஆள் வந்த ஒரு நிமிடத்தில் கேட்கிறான். அவளும் முகம் சிவக்க, இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளை அவன் தட்டில் வைக்கிறாள். ஓரத்துச் சுருள் இல்லை, மெத்தென்று இருக்கும் நடுச் சுருள். அது எப்போதும் எனக்கு வைப்பது.

"ஆளுநரே," என்றேன், "வயல்ல பதிச்ச வடிகால் குழாயெல்லாம் உடைஞ்சு கிடக்கே, அதுக்கு உங்க திட்டம் என்ன?"

"அருமையான கேள்வி," என்று சொல்லிவிட்டு அவர் மார்லிஸ் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய உதவியாளர் என் காதோரம் வந்து, "சார், உங்க முழங்கை படத்துல விழுது, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா," என்றார். என் வீட்டுக் குளிர்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

அன்றிலிருந்து நான் மார்லிஸின் முகத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவளுக்குக் கலோவேயைப் பிடித்திருக்கிறதா? பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுவென்று பாடினாள். முன்னெல்லாம் பாடுவாளா? நினைவில்லை. செய்தியில் கலோவே வந்தால் அவள் முகத்தைப் பார்ப்பேன். வேறு ஆள் வந்தாலும் பார்ப்பேன். டிராக்டரைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கும் சாக்கில் வீட்டுக்கு வருவேன்.

"என்ன, தினமும் நாலு தடவை காப்பி குடிக்கிற?" என்பாள்.

"தாகமா இருக்கு."

ஆகஸ்டில் லூமிஸே வந்தார். என் ஆள். மண் அரிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார், கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், அப்படி ஒரு நேர்மை. கருத்துக்கணிப்பில் அவருக்கு இரண்டு சதவீதம். பிழை நாலு சதவீதம்வரை இருக்கலாம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அதாவது ஆளே இல்லாமலும் இருக்கலாம். நான் பூட்ஸைப் பளபளவென்று துடைத்து, வாசலிலேயே காத்திருந்தேன்.

லூமிஸ் என் கையைக் குலுக்கினார். "டெல்மார், உங்களைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை," என்றார்.

"சொல்லுங்க சார், வடிகால் குழாய் விஷயமா..."

"அவங்க உள்ளதானே இருக்காங்க?" என்று கேட்டு, கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் பேசினார். நான் வெளியே கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு தேர்தலாக இந்த மனிதருக்காகப் பனியில் பலகை நட்டவன் நான். ஒரு இடத்தில் முடிவோடு நின்றால் இதுதான் மரியாதை.

எதிர்வீட்டு டுவேன் வேலியருகே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன டெல்மார், வீட்டுல உனக்குக் கோட்டு மாட்டற வேலையா?" என்றான்.

"வாயை மூடு, டுவேன்."

"இல்ல, சும்மா கேட்டேன். உன் வீட்டுக்கு ஒரு ஆளுநர், ஒரு செனட்டர். நான் கலோவேக்குப் பலகை வெச்சு நாலு மாசமாச்சு. ஒரு நாய்கூட எட்டிப் பாக்கலை."

மறுநாள் காலையில் டுவேன் வீட்டு வாசலில் பலகை இல்லை. பிடுங்கிக் கொட்டகையில் போட்டுவிட்டான். "நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்," என்று பேரங்காடியில், பெட்ரோல் பங்கில், தேவாலயப் படியில் என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் ஒரு வேட்பாளரின் மகள் அவன் வீட்டுக்கு வந்து அவனோடு தோட்டத்தில் தக்காளி பறித்தாள். அது போதாதா?

அறுவடை முடிவதற்குள் ஊர் முழுவதும் பலகைகள் காணாமல் போயின. மருந்துக்கடைக்காரர் முடிவு செய்யாதவர் ஆனார். பாதிரியாரும் அப்படியே ஆனார், ஆண்டவருடைய விருப்பம் இன்னும் தனக்குத் தெளிவாகவில்லை என்றார். காப்பிக் கடையில் எல்லோரும் தாடையில் கைவைத்து, கூரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கலோவேயின் மாவட்ட அமைப்பாளரே தனக்குச் சில சந்தேகங்கள் இருப்பதாகச் சொல்ல, கலோவே அவருக்கு மறுபடி போன் செய்து நலம் விசாரித்தாராம்.

அக்டோபரில் டாக்டர் பிரிண்டில் நேரிலேயே மார்லிஸைப் பார்க்க வந்தார். நான் வாசலிலேயே வழிமறித்தேன்.

"டாக்டர், என்னையும் ஒரு தடவை கேளுங்க. ஒரு தடவை. அப்புறம் உள்ள விடறேன்."

அவர் பெருமூச்சு விட்டு, கையடக்கக் கருவியை எடுத்தார். "கூட்டத்துக்கு வர்ற எண்ணம் இருக்கா?"

"கட்டாயம்."

"போன தடவை போனீங்களா?"

"எந்தத் தடவையும் விட்டதில்லை."

"கூட்டம் எங்க நடக்குதுன்னு தெரியுமா?"

"நாற்காலி போடறதே நான்தான்."

அவர் உதட்டைப் பிதுக்கினார். "வருத்தமா இருக்கு சார். நீங்க வரக்கூடிய வாக்காளர்ங்கற வகைக்குள்ள வரலை."

"என்னது?"

"கட்டாயம் வருவேன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேரு பொய் சொல்றாங்க. அது எங்க அனுபவம். யாரு பாதின்னு கண்டுபிடிக்கச் செலவாகும். அதனால மொத்தமா எடுத்துடறோம். ஒருவேளை வரலாம்னு சொல்றவங்க பாருங்க, அவங்க நேர்மையானவங்க. எங்க கணிப்பு முழுக்க அவங்களை நம்பித்தான் நிக்குது."

"அவங்க வராம போயிட்டா?"

"அப்ப மக்கள் தப்பு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். கணிப்பு சரிதான்," என்றார் பிரிண்டில், நிதானமாக. பிறகு தலைமுடியை நீவிக்கொண்டு உள்ளே போனார். மார்லிஸ் அவருக்கும் நடுச் சுருளை வைத்தாள்.

டிசம்பர் கணிப்பில் முடிவு செய்யாதவர்கள் அறுபத்தொரு சதவீதம். கலோவே ஒன்பது. லூமிஸ் அதே இரண்டு. 'முடிவு செய்யாமைக்குப் பெருகும் ஆதரவு' என்று தலைப்பு வந்தது. கலோவே மேடையில் பேசும்போது, தானும் இளம் வயதில் முடிவு செய்யாதவனாக இருந்தவன்தான் என்று நாத் தழுதழுக்கச் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எங்கள் மாவட்டக் கட்சித் தலைவி கானி பர்க்கெட், இவ்வளவு ஆர்வத்தை வரலாறு கண்டதில்லை, கூட்டம் அலைமோதப் போகிறது என்று சொல்லி, நானூறு நாற்காலிக்கு ஆர்டர் கொடுத்தாள்.

நான் மார்லிஸிடம் நேராகவே கேட்டேன். கெஞ்சினேன் என்றாலும் சரிதான். "ஜிம்முல நீ என் மூலைக்கு வந்துடு. எனக்கு வேற ஆளே இல்லை. ஒத்த மனுஷனா தனியா நின்னா ஊர் சிரிக்கும்."

"அன்னைக்குப் பாக்கலாம்," என்றாள்.

"கலோவேயா? அதைச் சொல்லிடு. தாங்கிக்கறேன்."

"யோசிச்சுக்கிட்டிருக்கேன், டெல்மார்." என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று கிறிஸ்துமஸ் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று பனி முழங்கால் ஆழம். நானூறு நாற்காலிகளையும் நானே விரித்துப் போட்டேன். பின்சுவரோரம் பெண்கள் மின்சாரப் பானைகளில் மிளகாயிட்ட பீன்ஸ் குழம்பும், தட்டுத் தட்டாக ரொட்டிச் சுருளும் கொண்டுவந்து வைத்தார்கள். வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். தொலைக்காட்சிக்காரர்களைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தேறும்.

கானி ஒலிபெருக்கியைப் பிடித்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"நண்பர்களே, காலியா இருக்கற நாற்காலிகளைப் பாத்து யாரும் மனசு தளர வேண்டாம். ஒவ்வொரு காலி நாற்காலியும் வீட்டுல உக்காந்து ஆழமா யோசிச்சுக்கிட்டிருக்கற ஒரு குடிமகன். வந்தவங்களைவிட வராதவங்கதான் இந்தத் தேர்தலை ரொம்பத் தீவிரமா எடுத்துக்கிட்டிருக்காங்க. எதிர்பார்க்கப்பட்ட வருகையில நாம சாதனை படைச்சிருக்கோம். வந்த வருகை அதுல ஒரு சின்னப் பகுதி, அவ்வளவுதான்."

டாக்டர் பிரிண்டில் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்.

"அவங்கவங்க மூலைக்குப் போகலாம்," என்றாள் கானி.

நான் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே லூமிஸ் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் வரவில்லை. எதிர்மூலையில் 'முடிவு செய்யாதவர்' என்ற அட்டைக்குக் கீழே ஊரே போய் நின்றது. டுவேன் நின்றான், பாதிரியார் நின்றார், கலோவேயின் அமைப்பாளர் நின்றார். இன்றைக்கு முடிவு செய்துவிட்டால் நாளைக்கு எவன் போன் பண்ணுவான்? அந்தக் கவலை எல்லார் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. மார்லிஸ் நீலக் கம்பளிச் சட்டையில் அவர்களுக்கு நடுவே நின்றாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

கானி எண்ணினாள். "அந்தப் பக்கம் நாப்பத்திரெண்டு. லூமிஸ் ஒண்ணு. லூமிஸ் மூலை கலையுது. டெல்மார், இந்தப் பக்கம் வா, இல்லைன்னா வீட்டுக்குப் போ. நீ வந்துட்டா ஏகமனசுன்னு எழுதிட்டு உடனே சாப்பிடலாம். வரலைன்னா ஒரு ஆளு ஏன் குறையுதுன்னு கட்சிக்கு விளக்கம் எழுதணும், நேரமாகும்."

நாற்பத்திரண்டு தலைகளும் என் பக்கம் திரும்பின. இந்த ஜிம்மில், இந்த ஊரில், முடிவு மாறக்கூடிய ஒரே மனிதன் நான்தான். விளக்குகள் என் மேல் அடித்தன. எனக்கு நெஞ்சு விரிந்தது, சொல்வதற்கு என்ன.

முதலில் டுவேன் வந்தான். "வாடா டெல்மார். குழம்பு ஆறுது. உன் லூமிஸுக்கு நீ இங்க நின்னது தெரியவா போகுது?"

"தெரியும். என் கோட்டு... அவர் கோட்டைப் பிடிச்சவன் நான்."

"அதான் சொல்றேன்."

பாதிரியார் வந்து தாழ்மையைப் பற்றிப் பேசினார். பிரிண்டில் கருவியோடு வந்து, உங்கள் இப்போதைய மனநிலையை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றார். சுகமாக இருந்தது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். கடைசியில் அவர்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசி, மார்லிஸை அனுப்பினார்கள்.

அவள் ஜிம்மின் குறுக்கே நடந்து வந்து என் எதிரில் நின்றாள். "பேசிப் பாருன்னு அனுப்பியிருக்காங்க," என்றாள்.

"பேசறது இருக்கட்டும். யாரு?"

"யாரு என்ன?"

"உனக்கு யாரைப் பிடிச்சிருக்கு? எல்லாம் முடிஞ்சுபோச்சு, இனிமே மறைச்சு என்ன. அந்தப் பல்லழகன்தானே?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "லூமிஸ்."

"எப்பலேர்ந்து?"

"முதல்லேர்ந்தே. மண்ணு அடிச்சுக்கிட்டுப் போறதைப் பத்தி அவர் ஒருத்தர்தான் பேசறாரு. அந்த ஆத்தோர வயல்ல வேலை பாக்கறது நானும்தானே."

"மார்லிஸ், அந்த ஆளு ரெண்டு சதவீதத்துல கிடந்து தவிச்சாரு. நீ பதினோராயிரம் பேரு. அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு இன்னைக்கு எங்கயோ இருந்திருப்பாரு. ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ பக்கத்துல வந்து நின்னு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்த. நான் என்ன சொல்லப் போறேன்னு உனக்குத் தெரியலை. அப்படி நீ என்னைப் பாத்து எத்தனை வருஷமாச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்லை." அவள் சட்டைப் பொத்தானைத் திருகினாள். "சொல்லியிருந்தேன்னா, நல்லதுன்னு சொல்லிட்டுப் பன்னிக்குத் தீவனம் போடப் போயிருப்ப. ஜூன்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் நீ வேற எங்கயும் போகலை, டெல்மார்."

கோபமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"நேரம் முடிஞ்சுது," என்று ஒலிபெருக்கியில் கானியின் குரல் கேட்டது. "டெல்மார், சொல்லு. இந்தப் பக்கமா, வீடா?"

நான் என்ன சொல்ல வேண்டும் என்று மார்லிஸ் எதிர்பார்க்கிறாள் என்று அவள் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தால் தெரியலாம் என்று தோன்றியது. அட்டையைத் தரையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"டெல்மார்? காது கேக்குதா?"

கேட்டது.

"பதிலே சொல்லலைன்னா என்னன்னு எழுதறது?" என்று கானி கேட்டாள். டாக்டர் பிரிண்டிலுக்கு அது தெரிந்திருந்தது. "முடிவு செய்யாதவர்," என்றார்.

கானி எழுதிக்கொண்டு, ஏகமனதாக என்று அறிவித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிரிண்டில் கேமராவைப் பார்த்து, தன் கணிப்பு எதிர்பார்த்ததைவிடவும் அதிகமாகப் பலித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்சுவரோரம் பானைகளைத் திறந்தார்கள். ஊரே தட்டோடு வரிசையில் நின்றது, நாங்கள் இரண்டு பேரைத் தவிர.